கடல்நாத சுவாமிகளின் ஞானக்காது

காசிமேட்டில் அந்த வருடம் மீனைவிட மலிவாகக் கிடைத்தது அருள்வாக்கு. கடல்நாத சுவாமிகள் கண்ணை மூடினால் போதும், நடுக்கடலில் எந்தப் படகில் எஞ்சின் நின்றது, எவன் வலை அறுந்தது என்று கரையிலிருந்தே சொல்லிவிடுவார். சொன்னது பலிக்கும். கூட்டம் முண்டியடிக்கும். காணிக்கைக்கு வஞ்சிரம்தான் வேண்டும். மலிவான கவளை மீனை வைத்தால் கடலம்மா கோபித்துக்கொள்வாளாம்.

மீன் விற்கும் சிவந்திக்கு வேறு கோபம். போன மாதம் அவள் புருஷன் டில்லிபாபுவின் படகு எஞ்சின் படுத்து மிதந்தது. காலையிலேயே வயர்லெஸ்ஸில் கத்தியிருக்கிறான். தூரத்துப் படகின் குரல் கரைக்கு எட்டாது. நடுவில் நிற்கும் படகு அதை வாங்கிக் கரைக்குச் சொல்ல வேண்டும், அதுதான் கடல் வழக்கம். அன்று நடுவில் நின்றவன் சாமியாரின் மச்சான் எழிலன். சந்நியாசிக்கு ஏது மச்சான் என்று எவரும் கேட்கவில்லை. கரையில் சேதி வாங்கும் ஏலக்கடை வஹாப் பாயின் வயர்லெஸ் பெட்டிக்குச் சேதி வரவே இல்லை. சாயங்காலம் அது சாமியார் வாயில் அருள்வாக்காக வந்தது. பிறகுதான் காப்பாற்றப் படகு போயிற்று. புயல் நாளாக இருந்திருந்தால் சிவந்தியின் தாலி போயிருக்கும். ஊரோ சாமியாருக்கு மாலை போட்டது.

டில்லிபாபு மறுபடி கிளம்பியபோது சிவந்தி சொன்னாள்: "திரும்பி வர்றப்போ, எஞ்சின் பூட்ச்சின்னு எழிலன் கைல பொய் சொல்லு. சேதி பாய்க்கு வருதா, சாமிக்கு வருதான்னு பாத்துக்கலாம்." பாயிடமும் சொல்லிவைத்தாள்.

அன்று சாயங்காலம் சாமியார் கண்ணை மூடினார். உடம்பு ஆடியது. "சிவந்தி! பழவேற்காட்டுக்குக் கிழக்கே உன் புருஷன் எஞ்சின் நின்று தத்தளிக்கிறான்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாய், உங்க பெட்டிக்கு எதுனா வந்துச்சா?" என்றாள் சிவந்தி.

"இல்லம்மா. காலைலேந்து நவுரவே இல்ல."

பின்வரிசையில் மீன்கூடையை இறக்கிவைத்தான் டில்லிபாபு. "நான் இங்க கீறேன் சாமி. அங்க தத்தளிக்கிறது யாரு?"

சாமியார் பீடத்தைக் கட்டிக்கொண்டார். சிவந்தி பட்டுத்துணியை உருவினாள். பீடத்துக்கு அடியில் ஒரு வயர்லெஸ் பெட்டி. அதற்குள்ளிருந்து எழிலன் பேசினான்: "மாமு, டில்லி சேதிய சொல்ட்டியா? வஞ்சிரத்துல எனக்கும் பங்கு கீது!"

முன்வரிசை ஆள் ஒருவர் அப்போதும் விடவில்லை. "பொட்டிக்கே அருள் கீது போல" என்று கற்பூரத் தட்டோடு குனிந்தார்.

சிவந்தி தட்டைப் பிடுங்கினாள். "சாமிக்கு எல்லாம் தெரியுதுன்னு வாயப் பொளந்தீங்களே, எப்டித் தெரியுதுன்னு ஒருத்தனாவது கேட்டீங்களாய்யா? நீங்க கேக்காத அந்த ஒரு கேள்விக்கு எங்க வூட்டு உசுரா வெல?"