பாலுக்கு ரீடேக் கேட்ட கதை

ஒரு தொடரில் துணை நடிகனாக இருக்கும் எவனும் தன்னைத் துணை நடிகன் என்று நம்புவதில்லை. தன்னுடைய தொடருக்குள் கதாநாயகன் வழிதவறி வந்துவிட்டான் என்றுதான் நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். (இன்றுவரை அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை.)

ஸ்காபரோவில் நாங்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் 'பேஸ்மென்ற் குடும்பம்' என்று ஒரு நகைச்சுவைத் தொடர் நடத்திக்கொண்டிருந்தோம். அதில் நான் வீடு விற்கும் ஏஜென்ற் குலம். வாராவாரம் மூன்று நிமிடம் வருவேன். நிலத்துக்குக் கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு மாளிகை விற்கப் பார்ப்பேன். திட்டு வாங்கிக்கொண்டு போவேன்.

பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களை நான் கரைத்துக் குடித்திருந்தேன். அவற்றில் ஒரு தந்திரம் உண்டு. ஒரு வாரம் மட்டும் வழக்கமான குடும்பம் ஓரமாக ஒதுங்கிவிடும். எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர், புது வீடு, புது ஆட்கள் என்று அந்த அரைமணி நேரத்தைத் தனதாக்கிக்கொள்வார். சனத்துக்குப் பிடித்துவிட்டால் அவருக்கென்று தனித் தொடர். எபிசோட் என்ற பெயரில் நடப்பது உண்மையில் பெண் பார்க்கும் படலம்.

இதை எங்கள் இயக்குநர் சிறி அண்ணைக்கு விளக்கினேன்.

"சரி, ஒரு எபிசோட் உனக்குத் தாறன்" என்றார். "சனம் கேட்டா தனிய ஒரு தொடர் செய்வம். கேக்காட்டி குலத்தை வன்கூவருக்கு அனுப்பிப்போடுவன். பிறகு வரமாட்டான்."

நாட்டின் மறுகோடியில் இருக்கும் வன்கூவரைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. மனைவி மதியிடம், "எனக்கெண்டு தனித் தொடர் வரப்போகுது" என்று அறிவித்தேன். "வரட்டும். அதுக்கு முதல் கராஜைத் துப்பரவாக்குங்கோ" என்றாள்.

கதை சுலபம். ஸ்ரௌவ்வில்லில் குலம் ஒரு வீடு விற்கிறான், அதில் பால் காய்ச்சிக் குடிபுகும் குடிபூரலுக்குப் போகிறான். அதே நேரம் மதியின் தம்பி கபிலன் நிசமாகவே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கி, குடிபூரலுக்கு நாள் குறித்திருந்தான். அங்கேயே எடுத்தால் சோடனை இலவசம், ஐயர் இலவசம், பட்டுச்சேலை கட்டிய துணை நடிகைகள் ஒரு வீடு நிறைய. என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

புது வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழியவேண்டும். அந்தக் கணத்தில் நான் கராஜ் கதவால் நுழைந்து, சாவியைத் தூக்கிக் காட்டி, "வீடு உங்கட, பெருமை என்ர" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் காட்சி.

நான் கராஜில் நின்று கார்க் கண்ணாடியில் கழுத்து ரையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்குவதற்குள் குளித்துவிட்டே வரலாம். கபிலனின் புது அடுப்பு அந்த ரகமில்லை. உள்ளே மணிச்சத்தம் கேட்டு நான் பாய்ந்து ஓடியபோது பால் பொங்கி, வழிந்து, எல்லாரும் கும்பிட்டும் முடிந்திருந்தது.

"கட்!" என்று கத்தினேன். "மாமி, ஒருக்காத் திரும்பக் காய்ச்சுங்கோ. ரீடேக்."

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். அடுப்படியில் நின்ற என் மாமி, அதாவது மதியின் அம்மா, மெதுவாகத் திரும்பினார்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு தரம் பால் காய்ச்சிறதோ தம்பி? உங்கட கலியாணத்திலை வீடியோக்காரன் தாலியை இன்னொருக்காக் கட்டச் சொன்னவன். நான் விட்டனானோ?"

வேறொருவனாக இருந்தால் அதோடு அடங்கியிருப்பான். நான் மாமி ஐயருக்குத் தட்சணை கொடுக்கப் போகும்வரை காத்திருந்து, குளிர்பெட்டியிலிருந்து ஒரு பால் பையை எடுத்து, வெட்டி, பக்கத்தில் சும்மா இருந்த பானையில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். சிறி அண்ணை கமராவைத் திருப்பினார். அந்தப் பானையில் சற்று முன்தான் புளிக்கப் புளிக்கத் தேசிக்காய் பிழிந்து தண்ணி கரைத்திருந்தார்கள், இன்னும் கழுவவில்லை என்பது எனக்குத் தெரியாது.

பால் பொங்கவில்லை. கட்டி கட்டியாகத் திரைந்தது.

"ஐயோ, குடிபூரலிலை பால் திரைஞ்சிட்டுது!" என்று யாரோ அலறினார்கள். கபிலனின் மனைவி அழத் தொடங்கினாள். கபிலன் சுவரைப் பிடித்துக்கொண்டான். நான் வாழ்க்கையில் முதல் முறையாக வன்கூவருக்குப் போக விரும்பினேன்.

மாமி வந்தார். பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாகக் கமராவைப் பார்த்தார்.

"ஒருத்தரும் அழத் தேவையில்லை. வீட்டுப் பால் அப்பவே பொங்கிட்டுது. உது நாடகப் பால். நாடகம் திரைஞ்சா நடிகருக்குத்தான் கூடாது, வீட்டுக்கு ஒண்டும் செய்யாது. பிள்ளை, ஒரு கப் எடு. உவரே குடிக்கட்டும்."

கபிலனின் மனைவி அழுதபடியே சிரித்துவிட்டாள். பிறகு வீடே சிரித்தது. நான் குடித்தேன். (சீனி போடக்கூட விடவில்லை.)

எபிசோட் வெளிவந்தது. திரைந்த பாலையும் மாமியையும் சிறி அண்ணை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார். சனம் கேட்டது, ஆனால் குலத்தை இல்லை. 'அந்த மாமி ஆர்?' என்று கேட்டது. 'மாமியைத் திரும்பப் போடுங்கோ' என்று கெஞ்சியது.

"எனக்கு நடிக்கத் தெரியாது" என்றார் மாமி.

"நீங்கள் நடிக்கவே தேவையில்லை அன்ரி" என்றார் சிறி அண்ணை. "மருமோன் பக்கத்திலை நிண்டாலே போதும்."

இப்படித்தான் 'மாமி வீடு' பிறந்தது. தாய்த் தொடரை விட நன்றாக ஓடுகிறது. அதில் நானும் இருக்கிறேன். வாராவாரம் மூன்று நிமிடம் வந்து, திட்டு வாங்கிக்கொண்டு போவேன். முதலில் வயிறு எரிந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் அந்தத் தந்திரம் வேலை செய்யும் என்று சொன்னவன் நான். செய்துதானே இருக்கிறது?

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் ஒரு புதுச் சடங்கும் சேர்ந்துகொண்டது. எந்தக் குடிபூரலிலும் பால் வைக்குமுன் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். "மருமோன் வெளியிலையோ?" என்று கேட்டுவிட்டுத்தான் ஐயரே தொடங்குவார்.

போன மாரியில் நாங்கள் விட்பியில் வீடு வாங்கினோம். என் வீட்டுப் பால் பொங்கும்போது நான் என் கராஜில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றேன். மணிச்சத்தம் கேட்டது. கதவு திறந்தது. இத்தனை காலம் தேக்கி வைத்திருந்த வசனத்தோடு, சாவியைத் தூக்கியபடி உள்ளே நுழைந்தேன்.

"வீடு எங்கட, பெருமை என்ர!"

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சரிவரேல்லைத் தம்பி. வெளியிலை போய்த் திரும்ப வாங்கோ."

போய் வந்தேன்.