கரடி அலுவலகத்துக்கு வந்த வயரில்லாத மவுஸ்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. இருந்தது என்றால், காலை பத்து மணி முதல் மாலை ஐந்தே முக்கால் வரை இருந்தது. நடுவில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் இல்லாமலும் இருந்தது.

அதன் பெயர் தணிகாசலம். காட்டுச் சான்றிதழ் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. நல்ல கரடி. யாரையும் அடித்ததில்லை, கடிந்து பேசியதும் இல்லை. மனுவோடு வருகிறவர்களை முதலில் உட்காரச் சொல்லும். உட்கார நாற்காலி கிடையாது என்பது வேறு விஷயம்.

அந்த ஆண்டு கோடையில் மேலிடத்திலிருந்து இரண்டு வந்தன. ஒன்று சுற்றறிக்கை, இன்னொன்று லேப்டாப். முதல் மழைக்குள் உரிமைச் சான்று வாங்காத வளைகள் காலி வளைகளாகக் கருதப்பட்டு, வாசலில் யார் நிற்கிறாரோ அவருக்கே தரப்படும் என்றது சுற்றறிக்கை. சான்றுகளை இனி லேப்டாப்பில்தான் தர வேண்டும் என்றும் அது சொன்னது.

வடிவாம்பாள் என்ற முள்ளம்பன்றிக்கு மலையடிவாரத்தில் ஒரு வளை இருந்தது. அதுவே தோண்டிய வளை. உள்ளே இரண்டு குட்டிகள். முள் இன்னும் கடினப்படாத வயது, மழையில் நனைந்தால் தாங்காது. சுற்றறிக்கை வந்த மறுநாளே சுடலை என்ற உடும்பு வளை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது. சண்டைக்கு வரவில்லை. தினமும் வணக்கம் சொல்லும், குட்டிகளை விசாரிக்கும், பிறகு வானத்தைப் பார்க்கும்.

"சான்று கெடைச்சிருச்சாக்கா?" என்று கேட்கும். இல்லை என்றால், "கெடைக்கும், கெடைக்கும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் வாசலை ஒட்டி உட்காரும்.

வடிவாம்பாள் அலுவலகத்துக்குப் போனது. அங்கே கரடி படாத பாடு பட்டுக்கொண்டிருந்தது. லேப்டாப்பின் டச்பேட் விரலுக்காகச் செய்தது. கரடிக்கு இருந்தது நகம். ஒரு நகத்தை வைத்தால் மூன்று நகங்கள் கூடவே இறங்கின. எழுத்து யானை அளவுக்குப் பெருக்கும், அல்லது எறும்பு அளவுக்குச் சுருங்கும், அல்லது எல்லாமே மூடிக்கொள்ளும். ஒரு மனு முடிய நாலு நாள் ஆனது. மவுஸ் வேண்டும் என்று எழுதிப் போட்டிருப்பதாகவும், அது வந்ததும் எல்லாம் பறந்துவிடும் என்றும் கரடி சொன்னது. முள்ளம்பன்றி எண்பத்து மூன்றாம் நம்பர் டோக்கனை வாங்கிக்கொண்டு திரும்பியது.

இரண்டு மாதம் கழித்து மவுஸ் வந்தது. வயர் இல்லாதது, பையில் போட்டுக்கொண்டு போகிற அளவில் சின்னது. கரடி அதன்மேல் கையை வைத்தால் மவுஸ் காணாமல் போனது. கையைத் தூக்கிப் பார்த்து, இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு மறுபடி வைத்தது. அதன் வயிற்றுக்குள் நகக்கண் அளவில் ஒரு துண்டு ஒளிந்திருந்தது. அதை எடுத்து லேப்டாப்பின் விலாவில் செருகினால் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்றார்கள். மவுஸ் வந்துவிட்டால் டச்பேடை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. கரடி சந்தோஷமாக அணைத்தது.

ஆனால் அந்த அலுவலகத்தில் எந்தப் பொருளையும் எண் போடாமல் பயன்படுத்தக்கூடாது. நாற்காலி, மேசை, மைக்கூடு, பூட்டு, அந்தப் பூட்டின் சாவி எல்லாவற்றுக்கும் பெயின்டில் எண் உண்டு. எண் போடுவது பண்டகக் காப்பாளர் அருமைநாயகம். ஆமை. முப்பது வருட அனுபவம். பக்கத்து அறையிலிருந்து அது வந்து சேர ஒன்றரை நாள் ஆனது.

மேல்பக்கம் எழுதினால் கரடியின் கை பட்டு அழிந்துவிடும் என்று ஆமை மவுஸைக் கவிழ்த்தது. அடியில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம்.

"ஓட்டைப் பொருளை எப்படிங்க ஸ்டாக்குல ஏத்துறது?" என்றது ஆமை. "தணிக்கைக்குக் கழுகு வந்தா யாரு பதில் சொல்றது?"

அப்படியே வந்துவிட்டது என்று கரடி மன்றாடியது. ஆமையும் இரக்கமற்றது அல்ல. திருப்பி அனுப்பினால் அடுத்த மவுஸ் வர இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்று அதற்கும் தெரியும். எனவே வெள்ளை பெயின்ட் வைத்து ஓட்டையை அழகாக அடைத்தது. காய்ந்ததும் அதன்மேல் கறுப்பில் 107 என்று எழுதியது. நல்ல கையெழுத்து. பூஜ்யம் சரியாக ஓட்டை இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

கரடி மவுஸை நகர்த்தியது. திரையின் நட்டநடுவில் நின்ற அம்பு அசையவில்லை. இன்னும் வேகமாக நகர்த்தியது. மேசை அசைந்தது, அம்பு அசையவில்லை. பொத்தானை அழுத்தினால் வேலை செய்தது. நடுவிலிருந்த சக்கரத்தை உருட்டினால் மனு மேலும் கீழும் ஓடியது. அம்பு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

ஒவ்வொரு மனுவின் அடியிலும் மூன்று கட்டங்கள் இருந்தன. இடது பக்கம் 'அனுமதி'. வலது பக்கம் 'நிலுவை'. நடுவில் 'நிராகரிப்பு'.

கரடி ஒரு நாள் முழுக்க யோசித்தது. வேலை செய்யாமல் இருப்பது தவறு. செய்வதென்றால் ஒரு வேலையைத்தான் செய்ய முடியும். மறுநாள் காலை சக்கரத்தை உருட்டி நடுக்கட்டத்தை அம்புக்கு அடியில் கொண்டுவந்து ஒரு தட்டு தட்டியது. பிரின்டர் தானாக ஒரு காகிதத்தைத் துப்பியது: 'மனு நிராகரிக்கப்பட்டது. தற்போதைய நிலையே தொடரும்.' அடுத்த மனு தானாகத் திறந்துகொண்டது. எண்பத்து மூன்றாம் டோக்கனுக்கு அன்று பதினொரு மணிக்கே முறை வந்துவிட்டது.

"நான் அனுமதிக்கத்தான் நெனைச்சேம்மா," என்றது கரடி, காகிதத்தை நீட்டியபடி. "அம்பு அங்க போக மாட்டேங்குது."

வடிவாம்பாள் காகிதத்தைப் படித்தது. வேறு வழியே இல்லையா என்று கேட்டது. மறுபடி மனு போடலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், அதற்குத் தடை இல்லை என்று கரடி விளக்கியது. முதல் மனுவோடு சேர்த்து முள்ளம்பன்றி மூன்று முறை போட்டது. மூன்று காகிதங்கள் கிடைத்தன.

மவுஸைப் பழுது பார்க்கச் சொல்லலாமே என்று வரிசையில் இருந்தவர்கள் கேட்டார்கள். பழுது என்று எழுதினால், எண் போட்டபோது நன்றாக இருந்த பொருள் எப்படிப் பழுதானது என்று ஆமை விளக்கம் கேட்கும். அதற்குள் மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வேறு வந்துவிட்டது. நிலுவையில் ஒரு மனுகூட இல்லாத ஒரே காடு இதுதானாம். கரடி அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது. ஆமை வந்து அதற்கும் எண் போட்டது.

கரடிக்கு மனசாட்சி இருந்தது. எதிரே நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிராகரிப்பது அதற்குக் கஷ்டமாக இருந்தது. மவுஸுக்கு வயர் இல்லை என்ற விஷயம் அப்போதுதான் அதற்கு உறைத்தது. அலுவலகச் சுவருக்கு அந்தப்பக்கம் எட்டடி தூரத்தில் ஒரு டீக்கடை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குள் மவுஸை வைத்துக்கொண்டு, இத்தனை உருட்டு, ஒரு தட்டு என்று மனக்கணக்காகவே வேலையை முடித்தது. ஆளில்லாத அறையில் பிரின்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மனுதாரர்கள் தங்கள் தங்கள் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

வானம் கறுக்கத் தொடங்கியது. சுடலை இப்போது வளை வாசலில் பாதி உடம்பை உள்ளே வைத்தே உட்கார்ந்திருந்தது. குட்டிகளுக்குக் கதை சொல்கிறேன் என்றது.

நாலாவது முறை வரிசையில் நின்றபோது வடிவாம்பாளுக்கு முன்னால் ஒரு காட்டுப்பன்றி நின்றது. குடிமக்கள் பட்டியலில் பெயர் சேர்க்க வந்தது, அவசரத்தில் பெயர் நீக்கும் படிவத்தை எழுதிக் கொடுத்துவிட்டது. காகிதம் வந்ததும் சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பன்றி மட்டும் சிரித்தது.

"பேரை நீக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க," என்றது. "அப்ப பேரு இருக்குன்னுதானே அர்த்தம்?"

வடிவாம்பாள் கையிலிருந்த மனுவைக் கிழித்தது. புதிதாக ஒன்று எழுதியது: மலையடிவாரத்து வளையை நான் மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன். அதை உடும்பு சுடலைக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்று டீக்கடைக்கு லீவு. அதனால் கரடி இடத்திலேயே இருந்தது. மனுவை இரண்டு முறை படித்தது. குட்டிகளை எங்கே கொண்டுபோவாய் என்று கேட்டது. வடிவாம்பாள் வானத்தைப் பார்த்தது. கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டியது. 'மனு நிராகரிக்கப்பட்டது. தற்போதைய நிலையே தொடரும்.'

வடிவாம்பாள் அந்தக் காகிதத்தை வளை வாசலில் மாட்டியது. சுடலை எழுத்துக்கூட்டிப் படித்தது. உள்ளே இருந்த பாதி உடம்பை வெளியே எடுத்துக்கொண்டது.

"சரிக்கா. ஆபீஸே சொன்னப்புறம் நான் என்ன சொல்ல," என்றது. அதன்பின் பத்தடி தள்ளி உட்கார்ந்தது.

ஒரு வாரத்தில் காடு முழுக்க விஷயம் பரவியது. தன்னைக் குளத்துப் பக்கமே விடக்கூடாது என்று மான் மனுப் போட்டது. தங்கள் குடும்பம் மொத்தத்தையும் நாடுகடத்த வேண்டும் என்று குரங்குகள் கூட்டாகக் கையெழுத்திட்டன. எல்லாம் நிராகரிக்கப்பட்டன, எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். கரடி மட்டும் கவலைப்பட்டது. காட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாழ்க்கை வெறுத்துவிட்டதாக அது நினைத்தது.

வடிவாம்பாள் நன்றி மறக்காத முள்ளம்பன்றி. கரடிக்கு எதையாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று டீக்கடைக்குப் போய் நாலு போண்டா கேட்டது. கடைக்காரர் ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தார். மவுஸ் பெட்டிக்குள் வந்த விளக்கத் தாள் அது. எட்டு பாஷைகளில் எழுதியிருந்தது, ஒன்றும் அந்தக் காட்டுப் பாஷை இல்லை. ஆனால் படம் இருந்தது. மவுஸின் அடிவயிற்று ஓட்டையிலிருந்து வெளிச்சம் கீழே விழுகிற படம்.

முள்ளம்பன்றி நேராகக் கரடியிடம் போனது. போண்டாவைக் கொடுத்துவிட்டு மவுஸைக் கேட்டது. எண் அழிந்துவிடக்கூடாது என்று கரடி பதறியது. அழியாது என்று வடிவாம்பாள் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, பூஜ்யத்தின் வட்டத்தைத் தொடாமல், அதற்கு உள்ளே இருந்த பெயின்டை மட்டும் சுரண்டி எடுத்தது. எண் எண்ணாகவே இருந்தது. சிவப்பு வெளிச்சம் வந்தது. கரடி மவுஸை நகர்த்தியது. அம்பு நகர்ந்தது.

 கரடி அம்பை இடது பக்கம் கொண்டுபோனது, வலது பக்கம் கொண்டுபோனது, மூலைக்கு மூலை ஓட்டிப் பார்த்தது. "இந்த உதவிய நான் மறக்கவே மாட்டேம்மா," என்றது. இனி அலுவலகத்துக்குத் தேவைப்படும் என்று அந்த முள்ளையும் வாங்கி வைத்துக்கொண்டது. ஆமை கிளம்பி வந்து அதற்கு 108 என்று எண் போட்டது.

கரடி சொன்னபடியே மறக்கவில்லை. முள்ளம்பன்றி படியிறங்கியதும், இத்தனை நாள் மனமில்லாமல் நிராகரித்த மனுக்களை எல்லாம் மறுபரிசீலனைக்கு எடுத்தது. பெற்ற உதவிக்குக் கைம்மாறாக முதலில் வடிவாம்பாளின் கோப்பு. அதில் மூன்று பழைய மனுக்களும் கடைசியாக ஒரு மனுவும் இருந்தன. ஒருவர் பல மனு கொடுத்திருந்தால் கடைசி மனுவே செல்லும் என்பது விதி. கரடி அம்பை இடது பக்கம் நகர்த்தி, மனம் நிறைந்து, 'அனுமதி'யைத் தட்டியது. பிறகு மானுக்கும் குரங்குகளுக்கும் பன்றிக்கும் அனுமதித்தது. ஐந்தே முக்கால் ஆகியும் எழுந்திருக்கவில்லை. அந்த அலுவலக வரலாற்றில் அது முதல் முறை.

மறுநாள் மதியம் முதல் மழை இறங்கியது. குரங்குகள் மூட்டை முடிச்சோடு எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. மான் குளத்துக்கு முதுகைக் காட்டி நின்று, வாயைத் திறந்து மழைத்தண்ணீரைப் பிடித்துக் குடித்தது. இரை தேடப் போயிருந்த வடிவாம்பாள் நனைந்துகொண்டே வளைக்கு ஓடி வந்தது. உள்ளே சுடலை படுத்திருந்தது. பக்கத்தில் உத்தரவு. குட்டிகள் மூலையில் ஒடுங்கியிருந்தன.

"நான் கேக்கவே இல்லக்கா," என்றது உடும்பு. அது உண்மையும்கூட. "அவங்களா அனுப்புனாங்க. நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே?"

வடிவாம்பாள் உத்தரவைப் படித்தது. முத்திரை சரியாக இருந்தது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அது குட்டிகளைப் பார்த்தது. பிறகு திரும்பி நின்று, முட்களை விரித்து, பின்பக்கமாக வளைக்குள் நடக்கத் தொடங்கியது.

உள்ளே கொஞ்ச நேரம் பேச்சுக் குரல் கேட்டது. விதி, உத்தரவு, தேதி என்று சில சொற்கள் காதில் விழுந்தன. பிறகு கேட்கவில்லை.

இப்போது வளை சட்டப்படி உடும்புக்குச் சொந்தம். முள்ளம்பன்றியும் அதை மறுக்கவில்லை. மழை பெய்கிறபோதெல்லாம் வளைக்குப் பத்தடி தள்ளி சுடலை உட்கார்ந்திருப்பதைக் காணலாம். உத்தரவை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்திருக்கும்.

நீதி: ஓடாத மவுஸை ஓட வைக்கிற உபகாரிகள், முதுகில் கொஞ்சம் முள்ளை மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும்.