வேண்டாமுங்க பிளம்பரும் அஞ்சு ஹெச்பி மோட்டாரும்

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் தேடி வந்த வேலையை விரட்டியடித்தே பிழைத்த பிளம்பர் அவர் ஒருவர்தான். எதைக் கேட்டாலும் முதல் பதில் "வேண்டாமுங்க". அதுவே பேராகிவிட்டது. கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்ற வந்தாலும் வேண்டாமுங்கதான்.

நாமகிரிப்பேட்டையில் என் மச்சான் போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். ஆயிரம் அடி துளைக்கிற மனுஷன், எட்டு வயது மகள் யாழினிக்காகக் கொல்லையில் நாலடி ஆழத்துக்கு நீச்சல் குளம் கட்டினார். தண்ணீரைச் சுற்றவிட அஞ்சு ஹெச்பி மோட்டார், தரையில் உறிஞ்சுகிற வாய் ஒன்றே ஒன்று என்று முடிவும் செய்துவிட்டுத்தான் வேண்டாமுங்கவைக் கூப்பிட்டார்.

"வேண்டாமுங்க. முக்கால் ஹெச்பி போதும். வாய் ரெண்டு வையுங்க, தள்ளித் தள்ளி. ஒண்ணை ஆளு அடைச்சாலும் இன்னொண்ணு தண்ணி இழுக்கும்."

"ஏனுங்க, தோட்டத்துக் கெணத்துல ஏழரை ஓட்டறவன் நான். முக்கால் வெச்சா சொந்தக்காரன் சிரிக்க மாட்டானா?"

"சிரிச்சுட்டுப் போகட்டுமுங்க."

மச்சானுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வேறு ஆளை வைத்து வேலையை முடித்தார். நானும் கூடச் சேர்ந்து, "அந்தாளு சரியான லூசு" என்றேன்.

குளம் நிரம்பிய அன்று கூப்பிடாமலே வந்து நின்றார் வேண்டாமுங்க.

"பாப்பாவுக்கு முந்தி நான் ஒருக்கா எறங்கிக்கறேன் சாமி. மோட்டாரைப் போடுங்க."

மச்சான் மோட்டாரைப் போட்டு, மோட்டார் அறையைப் பூட்டிவிட்டு வந்தார். ஸ்டார்ட்டரை யாரும் தொட்டுவிடக் கூடாதென்று பூட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். வேண்டாமுங்க குளத்தில் இறங்கி, அடியிலிருந்த அந்த ஒற்றை வாயின் மேல் குப்புறப் படுத்தார். கைகாலைப் படபடவென்று அடித்தார்.

"நீச்சல் அடிக்கறாரு பாருங்க மாப்ளே!" என்றார் மச்சான். விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் கை அசையவில்லை. குமிழிதான் வந்தது.

மோட்டாரை நிறுத்த ஓடினோம். சாவி மச்சானின் அரைஞாண் கயிற்றில் இருந்தது. அவசரத்தில் முடிச்சு அவிழவில்லை. நான் தகரக் கதவை உதைத்துத் திறந்து மோட்டாரை நிறுத்தினேன்.

வெளியே இழுத்துப் போட்டோம். வயிற்றில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ரத்தம் கட்டியிருந்தது. இருமி முடித்து, "எனக்கே எந்திரிக்க முடியலீங்க. பாப்பா எத்தன கிலோ இருக்குமுங்க?" என்றார்.

மச்சான் துண்டால் துவட்டிவிட, வேண்டாமுங்க தொடர்ந்தார்.

"ஏற்காட்டுப் பக்கம் ஒரு பங்களாவுல நானுந்தான் ஒத்த வாய் வெச்சேன். அவங்க சொன்னாங்க, வெச்சேன். ஆறு வயசுப் பையன் ஒருத்தன் அதுல சிக்கிட்டானுங்க. நாலு பேரு இழுத்தும் வரலை."

மறுநாளே தரையை உடைத்தார்கள். வேண்டாமுங்க சொன்னபடி வாய் இரண்டு, மோட்டார் முக்கால்.

"அன்னைக்கு நீச்சல் அடிச்சீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்று அசட்டுத்தனமாக ஒருநாள் கேட்டேன்.

"நீச்சல் தெரியாதுங்க" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் யாழினி அவருக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். அவர் பயந்து கண்ணை மூடிக்கொள்கிறார். அவள் இரண்டு கையாலும் அந்த வயிற்றைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள்.