மதில் தெரியாத டிரோன்

முதலியார்பேட்டை,
ஞாயிறு மாலை

மதிப்பிற்குரிய அண்ணன் நெடுமாறன் அவர்களுக்கு,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நலம், நலமறிய அவா என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. நீங்கள் இருமுவது இங்கே கேட்கிறது. நான் தும்முவது அங்கே கேட்கும். அப்பா கட்டிய மாடியின் நடுவே நாம் எழுப்பிய மதில் கழுத்தளவுதான்.

உங்கள் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.ஃபில். போடாமல் விட்டீர்கள். உங்கள் மைத்துனரின் டிப்ளமோவுக்கு மட்டும் இடம் இருந்தது. அன்று நின்ற பேச்சு இன்றும் நிற்கிறது. அதைப் பற்றி எழுத நான் பேனா எடுக்கவில்லை. விஷயம் டிரோன்.

கல்லூரியில் துறைத் தலைவர் பதவியை என்னிடம் படித்தவனுக்கே கொடுத்தார்கள். அதன்பிறகு மனிதர்களைக் கொஞ்ச நாள் மேலிருந்து பார்க்கலாமே என்று தோன்றி, கேமரா வைத்த சின்ன டிரோன் ஒன்றை வாங்கினேன். காலாப்பட்டுக் கடற்கரையில் பழகப் போனேன். டிரோன் நமக்கு முதுகைக் காட்டிப் பறக்கும்வரை தொல்லையில்லை. நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால், ரிமோட்டில் வலப்பக்கம் தள்ளினால் அது இடப்பக்கம் போகிறது. இது எனக்குப் பிடிபடுவதற்குள், வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் தலைமீது இருமுறை இறங்கப் பார்த்தது. "சார், மீனு கடல்ல கீது, எங்க தலயில இல்ல" என்றார் ஒருவர். போன மானம் போதும் என்று நம் மாடிக்கே வந்துவிட்டேன்.

இன்று காலை மதிலை ஒட்டி நின்று ஏற்றினேன். தென்னை உயரம் போனதும் காற்று அடித்தது, டிரோன் என்னைப் பார்த்துத் திரும்பியது, எனக்குக் கை குழம்பியது. கிளம்பிய இடத்துக்குத் தானாகவே திரும்பி வரச் செய்யும் பொத்தான் ஒன்று உண்டு, அதை அழுத்தினேன். ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் செயற்கைக்கோள் சொல்லும் இடம் கொஞ்சம் முன்பின் இருக்குமாம். அதற்கு மதில் தெரியாது. ஒரே மாடி என்று நினைத்து உங்கள் பக்கம் போய், அண்ணி வேட்டியில் காயவைத்திருந்த வடகத்தின்மீது உட்கார்ந்தது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். என்னோடு பேச்சில்லை என்பதால் அண்ணியிடம் உரக்கச் சொன்னீர்கள்: "தாமர, வடகத்து மேல ஏதோ பூச்சி உக்காந்திருக்கு. யாருதுன்னு கேளு."

நான் என் வீட்டுக்காரி நிர்மலாவிடம் உரக்கச் சொன்னேன்: "அது பூச்சியில்ல, டிரோனுன்னு சொல்லு."

"வேணும்னா வாயத் தொறந்து கேக்கச் சொல்லு."

"வச்சிருக்கிறவங்கதான் குடுக்கணும்னு சொல்லு."

கடைசியில் நிர்மலா, "அக்கா, நாம கீழ போவலாம் வாங்க. இவங்க ரெண்டு பேரும் அந்தப் பூச்சிகிட்டயே பேசிக்கட்டும்" என்று போய்விட்டாள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் குனிந்து பார்த்தபோது, ரிமோட்டில் மாட்டியிருந்த என் போன் திரையில் வந்தீர்கள். குரல் மதிலுக்கு அந்தப் பக்கம், முகம் என் கையில். இத்தனை வருஷமாகத் தெருவில் எதிரே வந்தால் உங்கள் சட்டைப் பொத்தானைத்தான் பார்த்துவந்திருக்கிறேன். கண்ணுக்குக் கீழே இவ்வளவு தொங்கிப்போனது எப்போது? எல்லோரையும் மேலிருந்து பார்க்க வாங்கியது, தரையில் உட்கார்ந்து உங்களை அண்ணாந்து பார்த்தது. சட்டை நுனியால் அதன் கண்ணாடியில் ஒட்டிய வடகத்தைப் பதமாகத் துடைத்தீர்கள். அதோடு பேட்டரி தீர்ந்துவிட்டது.

ஆனாலும் பொருள் என்னுடையது. இக்கடிதம் கண்டதும் திருப்பித் தரவும். தபால் வந்துசேர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை மழையில் நனையாமல் உள்ளே வைக்கவும். அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

பி.கு.: இதை மடிக்கும்போதே அண்ணி மதில் வழியாக டிரோனை நிர்மலாவிடம் கொடுத்துவிட்டார். கூடவே பொரித்த வடகம் ஒரு டப்பா. ஆகவே மேலே கேட்டது எதுவும் வேண்டாம். ஆனால் நான் சார்ஜ் போட்டு, மதிலை ஒட்டி நின்று மறுபடி ஏற்றி, அதே பொத்தானை அழுத்தினேன். இருமுறை என் பக்கமே இறங்கித் தொலைத்தது. மூன்றாம் முறைதான் உங்கள் பக்கம் வந்தது. இந்தத் தடவை அண்ணியை அனுப்ப வேண்டாம். நீங்களே எடுத்து வந்து மதிலுக்கு மேல் நீட்டுங்கள். நான் இந்தப் பக்கம் நிற்பேன். கையெழுத்துப் போட்டால் முதலில் பேசியவன் நான்தான் என்று ஆகிவிடும். அதனால் போடாமலே தபால் பெட்டியில் சேர்க்கிறேன்.