ரோட்டுக்கு வராத உல்மோ மரம்

மரியாதைக்குரிய மச்சான் ஆர்தெமியோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை எதெல்வினாவின் புருஷன் பெலிசார்தோ சிலோயே தீவிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும், காளைகளும், கோழிகளும் சுகம். புந்தா அரீனாஸ் குளிர்காற்று உங்கள் முழங்காலை ரொம்பப் படுத்தாமல் இருக்கட்டும். சுகமில்லாதது உங்கள் உல்மோ மரம் ஒன்றுதான்.

போன புயலில் அது சாய்ந்தபோது, நல்ல விலைக்கு விற்றுப் பணம் அனுப்பு, அந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்துக் கிறிஸ்துமஸுக்கு ஊர் வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கே எதெல்வினா மாடி அறையைக் கழுவிவிட்டு உங்கள் போர்வையை வெயிலில் போட்டாள். ஒன்பது வருஷமாக அண்ணன் முகத்தைப் பார்க்காதவள். அதனால் விலை விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். அங்கேதான் எல்லாம் கோணலாகப் போனது.

மர அறுவை மில் நிபால்தோ வந்தான், கோடாரியின் பின்பக்கத்தால் தட்டினான், காதை வைத்துக் கேட்டான், உள்ளே பொந்து இருந்தாலும் இருக்கும், அடியில் வட்டமாக ஒரு வில்லை அறுத்துப் பார்த்துவிடலாம் என்றான். அறுத்தோம், பொந்து இல்லை. அப்படியானால் நுனியில் இருக்கும் என்று அங்கேயும் அறுத்தான். பிறகு விறகு வியாபாரி ஒருவன், மேசை செய்கிறவன் ஒருவன், ஆளுக்கு ஒரு வில்லை. பரங்கிக்காய் வாங்குகிறவன்கூட ஒரு கீற்றோடு விட்டுவிடுவான். இனியும் யாராவது பார்க்க வந்தால் மரமே மிஞ்சாது என்று பயந்து, நிபால்தோ சொன்ன விலைக்கே தலையாட்டினேன். ஆனால் ரோட்டோரம் கொண்டுவந்து போட்டால்தான் லாரியில் ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டான்.

என் காளைகள் மரத்தைப் பார்த்ததுமே படுத்துக்கொண்டன. வேறு வழியில்லாமல் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு மிங்கா வைத்தேன். மிங்காவுக்கு வந்தவனிடம் கூலி என்று வாயெடுத்தால் சாகிறவரை முகம் கொடுக்க மாட்டான், வயிறுதான் நிரப்ப வேண்டும், உங்களுக்குத் தெரியாததா? பத்துப் பேரை எதிர்பார்த்தேன். முப்பது பேர் வந்தார்கள், அக்கார்டியனோடு. சாப்பாட்டுக்கு நிபால்தோவும் வந்துவிட்டான். மரம் ஓடைவரை ஜம்மென்று வந்து, சேற்றில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. பாதியாக அறுத்தால் வரும் என்றார்கள். வரவில்லை. கால்வாசியாக அறுத்தார்கள். நிபால்தோ அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ குட்டையா இருந்தா உத்தரத்துக்கு ஆகாதுண்ணே. இது இனிமே வெறகுதான்" என்றான்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. குராந்தோ விருந்தை வேகவைக்கக் குழியில் சூடாக்கிய கல்லெல்லாம் ஆறிப்போனது. சிப்பியும் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் பச்சையாகக் கிடக்கின்றன, முப்பது பேர் பசியோடு நிற்கிறார்கள், என் விறகெல்லாம் முதல் தீயிலேயே தீர்ந்துவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் யாரையும் தடுக்கவில்லை. கோடாரிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு துண்டு, அப்புறம் இன்னொரு துண்டு, சாயங்காலத்துக்குள் மரமே இல்லை. நிபால்தோ நாலாவது தட்டை வழித்துக்கொண்டே, "என்னமா எரியுது! நான் சொன்ன வெல கம்மிதான்" என்று ஒத்துக்கொண்டான்.

எதெல்வினா சாப்பிடவில்லை. தட்டோடு என் பக்கத்தில் வந்து, "எங்கண்ணன் டிக்கெட்டை வேகவச்சுத் தின்னுட்டீங்க" என்று மட்டும் சொன்னாள். இப்போது காளைகளிடம் பேசுகிறாள், என்னிடம் பேசுவதில்லை. எனக்கு மனசே சரியில்லை மச்சான்.

ஆகவே இந்த வருஷம் வர வேண்டாம். கோபத்தை என்மேல் மட்டும் வையுங்கள். காகுவாச் கோயில் நாசரேயர் இயேசு உங்கள் முழங்காலையும் மனசையும் இளகச் செய்யட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மைத்துனன்
பெலிசார்தோ

பின்குறிப்பு: மேலே வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்குள் எதெல்வினா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, சால்வையைப் போட்டுக்கொண்டு நேராக மில்லுக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன். நிபால்தோவிடம் அவள் சொன்னது இதுதான்: "சாப்பிட்டீங்க, வேலை முடியல. மரந்தான் ரோட்டுக்கு வரல. எங்கண்ணனையாவது வீட்டுக்குக் கொண்டு வாங்க." நாலு தட்டு சாப்பிட்டவன், சரி என்று தலையாட்டினான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பலகை ஏற்றிக்கொண்டு அவன் லாரி உங்கள் ஊருக்கு வருகிறது, திரும்பும்போது முன்சீட்டு உங்களுக்கு. பெட்டியோடு தயாராக இருங்கள். லாரியின் பின்பக்கம் காலியாகத்தான் வரும், முடிந்தவரை விறகு ஏற்றிக்கொண்டு வாருங்கள். உங்களை வரவேற்க அதே முப்பது பேரும் வருகிறார்கள், வீட்டில் ஒரு சுள்ளி இல்லை.