குறை சொல்ல முடியாத நிறம்

"நட்சத்திரம் தப்பு," என்றார் ஓரின்.

வெர்லின் டோஸ்ட்ரூடின் கையிலிருந்த துணி நழுவியது. அவர் தம் கையாலேயே கட்டிய விமானம், கடற்படையின் கருநீலத்தில் அன்று காலைதான் காய்ந்து மினுமினுத்துக்கொண்டிருந்தது. இறக்கையில் வெள்ளை நட்சத்திரம். அதைச் சுற்றிச் சிவப்புக் கரை.

"என்ன தப்பு ஓரின்?"

"சிவப்புக் கரை போட்ட காலத்துல இந்த முழு நீலம் கிடையாதுப்பா. நீலம் வந்தப்போ கரை போயிருச்சு. நான் கப்பல்ல இந்தக் கையால பெயின்ட் அடிச்சவன். எனக்குத் தெரியாதா?"

ஓரின் பழைய கடற்படை மெக்கானிக். எண்பதைத் தாண்டியவர், காது மந்தம், குரல் மட்டும் இடி. பள்ளிக்கூடப் பிள்ளை மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் இதைச் சொல்லி முடித்துவிட்டு, மோவாயில் ஒட்டியிருந்த செர்ரிச் சாற்றைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வெர்லின் முள்கரண்டியால் உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டே இருந்தார்.

"கரையை மட்டும் அழிச்சா போதாதா?" என்றாள் மார்லிஸ்.

"கரையை அழிச்சா கீழே இருக்கிற நீலமும் போகும். மறுபடி மொத்தமும் அடிக்கணும். நீ ஏறத்தான் இன்னும் தாமதமாகும்."

"எனக்கென்ன, அவசரமே இல்லை," என்றாள் அவள். மனைவிக்கு எவ்வளவு பெரிய மனசு என்று வெர்லின் உருகிப்போனார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விஸ்கான்சினின் அந்தப் பக்கத்தில் யாரும் யாரிடமும் 'வேண்டாம்' என்று நேராகச் சொல்வதில்லை. சொன்னால் நாக்கு வெந்துவிடும் போலிருக்கிறது. சமையல் வாயில் வைக்க முடியாமல் இருந்தால் 'ரொம்ப வித்தியாசமா இருக்கு' என்பார்கள். விருந்தாளி எழுந்து போகவேண்டுமானால் 'வெளியில பனி பெய்யுது போல' என்பார்கள். இப்படிப்பட்ட ஊரில், பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற வெர்லின், ஒரு குளிர்காலத்தில் பெட்டி பெட்டியாக அலுமினியத் தகடுகளை வரவழைத்து, "விமானம் கட்டப்போறேன். முன்னால ஒரு சீட், பின்னால ஒரு சீட். பின் சீட் உனக்கு," என்றார். மார்லிஸ் அந்தப் பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு சிரித்து, "ஆகட்டும். கட்டி, பெயின்ட் அடிச்சு முடி. அன்னிக்கு ஏறி உட்கார்றேன்," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வெர்லின் பதினாலு வருஷம் கட்டினார். விமானம் கார் கொட்டகைக்குள் வளர்ந்தது, மார்லிஸின் கார் வெளியே பனியில் நின்றது. தகட்டின் ஒரு பக்கம் அவர் ஆணி அடிக்க, மறுபக்கம் இரும்புக்கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடித்தவள் அவள்தான். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. பிறகு விமானத்தை ஊர்க்கோடி விமானத்திடலுக்குக் கொண்டுபோய், வர்ணமில்லாத வெறும் தகடாகவே அவர் தனியாகப் பறந்து சோதித்தும் பார்த்துவிட்டார். பறவை மாதிரிப் பறந்தது. பாக்கி, வர்ணம் மட்டும்.

வர்ணம் என்றால் போர் விமான வர்ணம். அதில் வெர்லினுக்கு இரண்டாவது பேச்சே இல்லை. திடலில் சொந்தமாக விமானம் கட்டிய ஆண்கள் அத்தனை பேருக்கும் இந்தப் பித்து உண்டு. வெர்லின் ஒருநாளும் பட்டாளத்தில் இருந்ததில்லை. அவர் பார்த்த பெரிய சண்டை, தொழிற்சாலையில் மோர்த்தொட்டி உடைந்த அன்று நடந்ததுதான்.

நீலத்தைச் சுரண்டினார். சுரண்டிய கையோடு, ராணுவப் பச்சை என்று முடிவு செய்து மார்லிஸிடம் சொன்னார்.

"எந்தப் பச்சை?" என்று அவள் அக்கறையாகக் கேட்டாள். "கரும்பச்சையா, காய்ஞ்ச புல் மாதிரியா? மேலே மட்டுமா, அடியிலயுமா?"

இவ்வளவு ஆர்வமா என்று வெர்லின் பூரித்துப்போனார்.

பச்சை காய்ந்த மறுநாளே, திடலில் பக்கத்துக் கொட்டகையில் தன் விமானத்தை நிறுத்தியிருக்கும் டெல்மர் வந்தார். கையில் காகிதத் தட்டு, தட்டில் பாதி தின்ற செர்ரிக் கேக்.

"நல்லாத்தான் இருக்கு வெர்லின். ஆனா ஒண்ணு."

"என்னய்யா?"

"மேலேர்ந்து பார்த்தா சோளக்காடு. கீழே நிஜமாவே சோளக்காடு. வானத்துல நான் வரும்போது நீ இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும்? வந்து முட்டினா உனக்கும் கேடு, எனக்கும் கேடு. பின் சீட்ல பாவம் மார்லிஸ் வேற!"

மார்லிஸ் பெயரைக் கேட்டதும் வெர்லின் தூரிகையைத் தேடினார். உடனே இறக்கையைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தார். பட்டை அடித்ததும் மூக்கு மொட்டையாகத் தெரிந்தது. மூக்கில் சுறாவின் வாயை வரைந்தார். இரண்டு வரிசைப் பல், சிவப்பு நாக்கு, பக்கத்துக்கு ஒரு முட்டைக்கண்.

இம்முறை பாஸ்டர் ஹால்வர் வந்தார்.

"வருஷா வருஷம் ஜூன் மாசம் இங்க அப்பம் சுட்டுப் போடற விருந்துல, விமானங்களுக்கெல்லாம் நான் ஜெபம் பண்றது உங்களுக்குத் தெரியும்," என்று இழுத்தார்.

"ஆமா பாஸ்டர். இந்தத் தடவை என்னோடதும் உண்டே!"

"அதான்… இப்படி வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிறதுக்கு முன்னாடி நான் எப்படிக் கண்ணை மூடறது?"

டெல்மர் சிரித்துவிட்டார். பாஸ்டர் சிரிக்கவில்லை. ஞாயிறு வகுப்புக் குழந்தைகள் பயப்படும், அந்த நாக்கு அவ்வளவாகக் கிறிஸ்தவ நாக்காக இல்லை என்றெல்லாம் அடுக்கிவிட்டு, சட்டையில் கிடந்த கேக் தூளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த வருஷ விருந்தும் போனது.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை இதோடு நிற்கவில்லை. வாயை மறைக்க ஒரு சாம்பல், சாம்பலுக்குப் பொருத்தமாக வாலுக்கு ஒரு சாம்பல். மறுபடி ஓரின் வந்தார், மறுபடி டெல்மர் வந்தார். பூச்சின் மேல் பூச்சாக ஏறி விமானம் கனத்துப்போனது.

"இன்னும் ரெண்டு கை அடிச்சேன்னு வை, இது பறக்காது. உருளும்," என்றார் டெல்மர்.

வர்ணம் ஆரம்பித்த மூன்றாவது கோடையில் வெர்லின் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார். மருந்து தடவித் தடவிச் சுரண்டியதில் கண் எரிந்தது, முதுகு விட்டுப்போனது. அடியிலிருந்து பழைய தகடு வெள்ளையாக வெளிவந்தது. ஆணித் தலைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

ஒவ்வொரு ஆணிக்கும் அந்தப்பக்கம் மார்லிஸ் நின்றிருந்தாள்.

வெர்லின் கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். உனக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று இவ்வளவு காலத்தில் அவளை ஒருதடவைகூடக் கேட்கவில்லை. எத்தனை திருவிழாவில் ராட்டினத்தில் அவர் ஏறியிருக்கிறார்! அவள் கீழே நின்று எல்லோருடைய கைப்பையையும் பார்த்துக்கொள்வாள். மலைமேல் கோபுரத்துக்குப் போனபோதும் அப்படித்தான். 'நீங்கள்லாம் போய்ட்டு வாங்க, பையை யார் பார்த்துக்கறது?' என்பாள். வாழ்நாள் முழுக்க விட்டுக்கொடுத்தே பழகியவள். அவளுக்கென்று இருப்பது இந்த ஒரு பின் சீட். அதையும் இந்த மடையன், பட்டாளத்துப் பவுசுக்காக மூன்று கோடையாகத் தராமல் இழுத்தடித்துவிட்டான். தகட்டுப் பெட்டிகள் வந்த நாளில் அவளுடைய முடி பழுப்பு, இப்போது பஞ்சு. வெர்லினுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தபோது முடிவெடுத்திருந்தார். மஞ்சள். கடற்படை தன் பையன்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த பயிற்சி விமானங்களின் மஞ்சள். பட்டாளத்து நிறமும் ஆயிற்று. மார்லிஸின் சமையலறைத் திரையும் அதே மஞ்சள்தான். திரைக்கு அவள் தேர்ந்தெடுத்த நிறம், பிடிக்காமலா இருக்கும்?

இந்தத் தடவை அவளிடம் மூச்சு விடவில்லை.

"பெயின்ட் வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டாள்.

"போகுது."

"என்ன கலர்?"

"இன்னும் முடிவாகலை."

கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய் இதுவாகத்தான் இருக்கும். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப்போனாள்.

மறு ஜூனில் விருந்து நாள். திடல் முழுக்க அப்பம் சுடும் வாசனை. வெர்லின் கொட்டகைக் கதவைத் திறந்து விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாம்பழம்போலப் பளீரென்று வந்து நின்றது. அப்பத்தட்டோடு நின்ற கூட்டம் ஓவென்று கத்தியது.

புல்வெளியில் தன் செர்ரிக் கேக் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்த மார்லிஸ் அப்படியே நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

வெர்லின் ஓடிப்போய்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

"மார்லிஸ், என்னை மன்னிச்சிரு. மூணு கோடையா உன்னைக் காக்க வச்சுட்டேன். எனக்கே வெட்கமா இருக்கு. உன்னைக் கேட்காமலே நீலம், பச்சைன்னு ஆடிட்டேன். இது உனக்காக அடிச்ச கலர். முடிஞ்சுபோச்சு. இன்னிக்கு நீ ஏறலாம்."

"ரொம்ப…" என்று ஆரம்பித்தாள். "ரொம்ப வித்தியாசமா இருக்கு வெர்லின்."

ஆனந்தத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று வெர்லின் நினைத்துக்கொண்டார். அவள் கையைப் பிடித்து விமானத்தருகே கூட்டிவந்தார். இறக்கையில் ஏற ஒரு மரப்பெட்டியைப் போட்டார். அவள் ஒரு காலைப் பெட்டிமேல் வைத்தாள், இன்னொரு கால் புல்லிலேயே இருந்தது.

"யோவ் டெல்மர்! இதுல ஒரு குறை சொல்லு பார்க்கலாம்!" என்று வெர்லின் கூவினார். "பாஸ்டர், நீங்க சொல்லுங்க!"

டெல்மர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் மார்லிஸைப் பார்த்தார். பிறகு இருவரும் சொல்லிவைத்தாற்போல் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓரின் வந்தார். கைத்தடியை ஊன்றி விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மூக்கைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், குனிந்து வயிற்றைப் பார்த்தார். ஒன்றும் அகப்படாமல் தலையைச் சொறிந்துகொண்டு, திடலுக்கே கேட்கிற குரலில் கேட்டார்:

"ஏம்மா மார்லிஸ், இந்தத் தடவை நீ போனே பண்ணலையே, மஞ்சளுக்கு நான் என்ன குறை சொல்லணும்?"