செத்துப்போன ஏசி

இந்தக் கோடையில் ஒரே ஒரு சுகத்தையாவது யாருக்கும் பங்கு கொடுக்காமல் அனுபவித்துவிடுவது என்று சூப்பர்வைசர் முடிவெடுத்தார். பெரிய முடிவுதான். அவர் வாழ்க்கையில் அவராகவே எடுத்த முடிவு இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவர் யோசித்து முடிப்பதற்குள் வேறு யாராவது எடுத்து முடித்திருப்பார்கள்.

சுகம் என்று சொல்ல அவருக்கு வேறு என்ன இருந்தது? வேலை சிமெண்ட் கோடவுனில். கூரை தகரம். மூட்டையில் ஈரக்காற்று படக்கூடாது என்று ஜன்னலே வைக்கவில்லை. மனுஷன் மேல் காற்று படலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. வீடு, கட்டடத்தின் கடைசித் தளம். மொட்டை மாடி பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி முழுக்க அவர் தலையில் இறக்கும். ஃபேன் சூட்டைக் கலக்கிவிடும். வீட்டுக்கு ஏசி வாங்கும் பேச்சு ஒவ்வொரு கோடையிலும் ஆரம்பித்து முதல் மழையோடு நின்றுபோகும்.

இந்த இரண்டு அடுப்புகளுக்கும் நடுவில்தான் கார் இருந்தது. பழைய வண்டி, ஆனால் ஏசி மட்டும் ஜம்மென்று இருக்கும். சும்மா இருக்காது, அவர் அப்படிப் பார்த்துக்கொண்டார். வெயிலில் நின்ற வண்டியில் ஏறினால் முதலில் எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, உள்ளே வெந்துகிடக்கும் காற்றை விரட்டுவார். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போடுவார். பிறகு உள்காற்றையே சுற்ற வைக்கும் பட்டனை அமுக்குவார். ஃபில்டரைத் தானே கழற்றித் தூசி தட்டுவார். கோடை பிறக்கும் முன்பே காஸ் பார்த்துவிடுவார். மனைவியின் பிறந்தநாளை மறந்திருக்கிறார், ஏசி சர்வீஸை மறந்ததில்லை.

அந்தக் குளிர்ச்சிக்குத்தான் ஆள் சேர்ந்துவிட்டது. மனைவியின் அக்காவும் அவள் புருஷனும் இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். சாயங்காலமானால் "சும்மா ஒரு ரவுண்டு போலாமா" என்று வந்துவிடுவார்கள். அக்கா பின்சீட்டில் ஏறினால் பேச்சு நிற்காது. அவள் புருஷனுக்கு சூப்பர்வைசர் மனதுக்குள் வைத்திருந்த பெயர் கமெண்டரி. அவர் முன்சீட்டில் உட்கார்ந்து, காற்று வரும் நாலு துவாரங்களில் மூன்றைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"பிரேக் போடுங்க சகலை. போட்டாச்சா? லேட்டு. அந்த லாரியைப் பாத்தீங்களா? பாக்கலை. எனக்குத் தெரியும், நீங்க பாக்கலை."

சூப்பர்வைசர் முகத்தில் வேர்வையோடு ஓட்டுவார். அவர் வண்டி, அவர் பெட்ரோல், அவருக்குத்தான் புழுக்கம்.

அதனால்தான் அன்று காலை காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, துக்கம் சொல்பவர் குரலில் சொன்னார்.

"ஏசி செத்துப்போச்சு."

"நேத்துகூட நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் மனைவி.

"மனுஷனே நேத்து நல்லா இருந்து இன்னிக்குப் போயிடறான். மிஷினுக்கு என்ன?"

"ரிப்பேர் பண்ணிடலாமே."

"பழைய மாடல். பார்ட் கிடைக்காது."

"எங்கயுமா?"

"எங்கயும்."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அப்ப சரி" என்றாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த 'அப்ப சரி'யைக் கேட்டுப் பயப்பட அவர் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

செத்த செய்தி பரவியதும் அக்கா வரவில்லை. கமெண்டரி மட்டும் ஒருநாள் வந்து, வண்டியின் மூக்கைத் தொட்டுப் பார்த்து, "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சூப்பர்வைசருக்குக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி சொர்க்கம் கிடைத்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, நாலு துவாரத்தையும் தன் மூஞ்சிக்கே திருப்பி வைத்துக்கொண்டு போவார். யாரும் பேச மாட்டார்கள். சிக்னலில் சிவப்பு விழுந்தால்கூட அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஏசி ஓடினால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டும். அது அவருக்குத் தெரியும். அதனால் முதலில் தெருமுனையிலேயே ஏசியை நிறுத்தி, சொட்டு நிற்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். நாளாக ஆக, இறங்க மனசு வரவில்லை. கட்டடத்துக்கு அடியில் வண்டி நிறுத்தும் இடம்வரை ஏசியோடே வந்தார். தரையில் ரெண்டு சொட்டு விழுந்தால் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் சுவிட்சும் அங்கேதான் இருந்தது. அதைப் போட தினமும் சாயங்காலம் கீழே இறங்குபவள் அவர் மனைவி. அவர் மேலே ஏறும்போது அவள் படியில் எதிரே வருவாள். இதை அவர் யோசிக்கவில்லை.

அந்தக் கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் கட்டடத்தின் செடிகள் எல்லாம் கருகின. அவர் வீட்டுப் பால்கனியில் மட்டும் மணி பிளாண்ட் கம்பியைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் குடிபோகப் பார்த்தது.

"குடிக்கவே தண்ணி இல்ல. இதுக்கு எங்கேருந்து ஊத்தறே?"

"கிடைக்கிற இடத்துலேருந்துதான்."

பெண்கள் ஏதோ அரிசி கழுவின தண்ணீரை ஊற்றுவார்கள் என்று அவர் விட்டுவிட்டார்.

ஒருநாள் உச்சி வெயிலில் அவளைப் பல் டாக்டரிடமிருந்து அழைத்து வந்தார். பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு. கண்ணாடிகளை இறக்கிவிட்டால் அனல்தான் வந்து அறைந்தது. அவள் தலையைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஏங்க," என்றாள், பஞ்சுக்கு நடுவிலிருந்து. "ஏசி கொஞ்சம்கூட வராதா?"

அவர் கை சுவிட்சு வரைக்கும் போனது. அமுக்கினால் குளிரும். கூடவே கமெண்டரியும் வந்துவிடுவார். கை கியருக்குத் திரும்பியது.

"வராதும்மா" என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவருக்கு அவரையே பிடிக்கவில்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், தானாகச் சரியாகிவிட்டது என்றாவது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே படுத்தார்.

மறுநாள் காலை ஆணியில் சாவி இல்லை. சாவி அவள் கையில் இருந்தது.

"நான் வண்டியை மெக்கானிக்கிட்ட கொண்டுபோறேன். நீங்க பஸ்ல போயிடுங்க."

"நீ ஓட்டுவியா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே லைசென்ஸ் எடுத்தவ நான். நீங்கதான் 'வண்டி தாங்காது'ன்னீங்க."

"மெக்கானிக் எதுக்கு? அதான் பார்ட் கிடைக்காதுன்னு..."

"தேடித்தான் பாப்போமே. செத்த ஏசி வண்டியில போனா என்ன, பஸ்ல போனா என்ன? ரெண்டும் ஒரே வெக்கைதானே?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். இல்லை என்றால் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

பஸ்ஸில் யாரோ ஒருவரின் அக்குளுக்கு அடியில் நின்றுகொண்டு போனார், வந்தார். சாயங்காலம் கேட்டார், "என்ன ஆச்சு?"

"பழைய மாடலாம். பார்ட் தேடணுமாம். நாளைக்கு வேற கடை பாக்கணும்."

மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும். அவருடைய வசனத்தையே அவள் அவருக்குத் திருப்பிப் படித்தாள், ஒரு எழுத்து மாறாமல். 'பார்ட் கிடைக்கும்' என்று அவரால் சொல்ல முடியவில்லை. 'கிடைக்காது, விட்டுவிடு' என்றால், "முயற்சியே பண்ணக்கூடாதா?" என்பாள்.

அந்த வார இறுதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, சட்டையைப் பிழிந்தால் சொட்டும் கோலத்தில் கட்டடத்துக்குள் நுழைந்தார். அவர் கார் அப்போதுதான் வந்து நின்றது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. பின்கதவு திறந்து அக்கா இறங்கினாள், தோளில் சால்வை போர்த்திக்கொண்டு. முன்சீட்டிலிருந்து கமெண்டரி இறங்கினார்.

"என்ன சகலை, இப்படி வேர்த்திருக்கு? உங்க வீட்டம்மா பிரமாதமா ஓட்டறாங்க. ஒரு குறை சொல்ல முடியல."

சொல்லிவிட்டு அக்காவோடு மேலே ஏறிப் போனார். கடைசியாக மனைவி இறங்கினாள். மோட்டார் சுவிட்சைப் போட்டாள். அதன் பக்கத்திலிருந்து ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தாள். குனிந்து, வழக்கமான இடத்தில் வைப்பவள் போல, வண்டிக்கு அடியில் வைத்தாள். சொட்டு, சொட்டு என்று விழுந்தது. தூசியில் அந்த டப்பாவின் வட்டத் தடம் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். எல்லாம் பழைய தடம்.

"எத்தனை நாளா?" என்றார்.

"செடியைப் பாத்தா தெரியலையா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"பல்லு பிடுங்கின அன்னிக்கு ஒரு தடவை கேட்டேன்," என்றாள் அவள். "வரும்னு சொல்லியிருந்தா இந்த டப்பாவை அன்னிக்கே தூக்கிப் போட்டிருப்பேன்."

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் நின்று திரும்பினாள்.

"நிறைஞ்சதும் எடுத்துட்டு வாங்க. சிந்தாம."